பீப் சொல்லாத பதில்

ஹேப்டிக் என்றாலே போன் அதிர்வதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். அதைப் புகழ்ந்து வரும் டிசைன் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும்: விரலுக்குத் தேவையானது அவ்வளவுதானா?

2016இல் வந்த ஐபோன் 7இன் ஹோம் பட்டன் அசையவே அசையாது. அழுத்தத்தை சென்சார் உணர்ந்ததும் உள்ளிருக்கும் மோட்டார் ஒரு உதறு உதறும். மூளை அதை ‘க்ளிக்’ என்று எடுத்துக்கொள்ளும். போனை அணைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், க்ளிக் இருக்காது. அழகான ஏமாற்று. ஆனால் அது எடுபட்டதற்கு இன்னொரு காரணம் உண்டு: அங்கே இருந்தது ஒரே பட்டன், அதற்குத் தடவினால் தெரிகிற விளிம்பும் இருந்தது.

ஒரு கருவியைத் தொடும் விரலுக்கு மூன்று கேள்விகள். நான் எதன்மேல் இருக்கிறேன்? அழுத்தியது பதிவானதா? என்னவாகப் பதிவானது? வழக்கமான அதிர்வு இரண்டாவதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறது.

அபிராமபுரத்தில் நான் குடியிருக்கும் பழைய வீட்டில், கரண்ட் போன ராத்திரியிலும் ஃபேன் ரெகுலேட்டர் எந்த எண்ணில் நிற்கிறது என்று தடவியே சொல்லிவிடலாம். சமையலறை இண்டக்‌ஷன் அடுப்போ வழவழவென்று ஒரே தட்டை. சூட்டைக் கூட்டினாலும் பீப், குறைத்தாலும் பீப், அணைத்தாலும் அதே பீப். பார்வையற்ற ஒருவர் அதில் எப்படிப் பால் காய்ச்சுவார்? பீப்புக்குப் பதில் அதிர்வை வைத்தாலும் கதை மாறாது.

நம்மிடம் இதைவிட யோசித்துச் செய்த கருவி ஒன்று இருக்கிறது: வாக்குப்பதிவு இயந்திரம். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அதில்தான் ஓட்டுப் போட்டோம். நீல பட்டன் நிஜமாகவே உள்ளே போகும். பக்கத்தில் பிரெய்ல் எண். முதல் கேள்விக்கு விரலிலேயே பதில். அழுத்தினால் சிவப்பு விளக்கு, நீண்ட பீப். இரண்டாவதும் முடிந்தது.

மூன்றாவதற்கு விவிபேட். 2013இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டது. யாருக்கு விழுந்தது என்ற சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடி தெரியும். கண்ணுக்கு மட்டும். பார்வையற்ற வாக்காளருக்கு மிஞ்சுவது பீப்தான். அது எந்தச் சின்னத்துக்கும் ஒரே மாதிரி ஒலிக்கும். விதி 49என் படி துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். ஆனால் அப்போது ரகசியம் இரண்டு பேருடையதாகிவிடுகிறது.

ஹேப்டிக்குக்கு நிஜமான வேலை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேட்பாளர் எண்ணைச் சத்தமாக அறிவிக்க முடியாது, பூத்துக்கே கேட்டுவிடும். இயர்போனை விட்டால், அந்த ஒருவருக்கு மட்டும் சொல்லக்கூடியது தொடுகைதான். எண்ணுக்கேற்ற துடிப்புகள் போதும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதிர்வு என்பது இயந்திரம் தன்னைப் பற்றித் தானே சொல்வது. சீட்டு என்பது அத்தாட்சி. இயந்திரத்தின் வார்த்தையை மட்டும் நம்பச் சொல்லக்கூடாது என்றுதானே விவிபேட்டே வந்தது? அப்படியானால் அந்தச் சீட்டும் விரலால் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கார் டாஷ்போர்டில் எதை அதிரவைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நம்மைப் போன்ற பொறியாளர்கள் இதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கலாம்.