வெலிகமத் தீவும் லயத்துக் காம்பராவும்

அந்நிய நாட்டில் போய் வாழும் எழுத்தாளனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நமக்குத் ‘தனிமை’, ‘வேரின்மை’, ‘அந்நியமாதல்’ என்று வார்த்தைகள் வரிசையாக வந்துவிடுகின்றன. எந்தக் காகிதத்தின் பலத்தில் அவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று மட்டும் கேட்பதில்லை. பால் போல்ஸ் விஷயத்தில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மொராக்கோவின் டான்ஜியரில் குடியிருந்த அமெரிக்கரான போல்ஸ், 1952இல் இலங்கையின் தென்கரையில், வெலிகம விரிகுடாவிலுள்ள தப்ரபேன் என்ற குட்டித் தீவை விலைக்கு வாங்கினார். கரையிலிருந்து கூப்பிடு தூரம். பாலம் கிடையாது, தண்ணீரில் இறங்கி நடந்தே போகலாம். தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்ட ஒரு பிரெஞ்சுக்காரர் 1920களில் கட்டிய எண்கோண வீடு. மின்சாரம் இல்லை, வௌவால்கள் உண்டு. மனைவி ஜேனுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. போல்ஸோ ‘தி ஸ்பைடர்ஸ் ஹவுஸ்’ (1955) நாவலின் ஒரு பகுதியை அங்கேதான் எழுதினார்.

அதே 1952, அதே இலங்கை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு இடங்கள்; 1952இல் ஒன்றுகூட இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. பாட்டன் காலத்திலிருந்து அந்த மண்ணைக் கொத்தியவன் ‘கள்ளத்தோணி’. நேற்று வந்து தீவையே வாங்கியவர் விருந்தாளி!

போல்ஸ் மீது குற்றப்பத்திரிகை வாசிக்க நான் வரவில்லை. சட்டம் போட்டது அவரில்லை. எழுதியவரின் வாழ்க்கை சொல்லாததைப் பிரதி சொல்லிவிடுகிறது என்பதே இங்கே முக்கியம். நாவல் நடப்பது 1954இன் ஃபெஸ் நகரில், பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியின் நடுவே. அமெரிக்க எழுத்தாளன் ஸ்டென்ஹாமுக்குப் பிரெஞ்சுக்காரரையும் பிடிக்காது, தேசியவாதிகளையும் பிடிக்காது. இரண்டு தரப்புமே பழைய ஃபெஸ்ஸை அழித்துவிடும் என்பது அவன் கவலை. ஊர்மீது அவனுக்குள்ள காதல், ஊர்க்காரன் மாறவே கூடாது என்ற உத்தரவாக ஆகிறது. கடைசியில் அவன் காரில் ஏறிப் போய்விடுகிறான். அவனை நம்பிய அமர் என்ற பையன் காருக்குப் பின்னால் ஓடுகிறான். நினைத்தபோது போய்விட முடிகிறவனின் தனிமை எப்படிப்பட்டது என்பதை இந்த ஒரு காட்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது. போல்ஸும் சில வருஷங்களில் தீவை விற்றுவிட்டுக் கிளம்பினார்.

லயத்துக் காம்பராவில் இருந்தவர்களும் கிளம்பினார்கள். அதைத் தீர்மானித்தது வேறு ஆட்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. கொழுந்து நிறுக்கிற மாதிரி ஆட்களை நிறுத்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். இங்கே வந்து இறங்கியவர்களுக்கு சர்க்கார் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களில் பலர் பிறந்ததே இலங்கையில். பார்த்தே இராத ஊருக்கு எப்படி ஐயா திரும்புவது? கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஜனங்கள் வைத்த பெயர் ‘சிலோன்காரங்க’. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். அங்கேயே தங்கிவிட்டவர்களில் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அந்நியமாதல் பற்றி எழுத உட்கார்ந்தால் நம் கை மேற்கத்திய நாவல்களின் பக்கம்தான் போகிறது. மலையக எழுத்து ‘ஈழம்’ என்ற தலைப்புக்குக் கீழே எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை, சக்தீ பால ஐயாவின் தமிழில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று நமக்குக் கிடைக்கிறது. போல்ஸைப் படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் இதையும் வைத்துக்கொண்டு படியுங்கள். அந்நியமாதல் பற்றிய அடுத்த விவாதத்தை அங்கிருந்து தொடங்குவோம்.