ஊடல் இழந்த இல்லறம்: ‘பச்சைக்கிளி முத்துச்சரம்’ – ஒரு திறனாய்வு

தமிழ்ப் பொருளிலக்கணம் கணவனின் பரத்தையிற் பிரிவை மருதத்திணையில் வைத்து, அத்திணையின் உரிப்பொருளை ஊடல் என வகுத்தது. தவறினும் அதற்கு மனைவி ஆற்றும் எதிர்வினையே மையமானது என்பது இதனால் பெறப்படும். தொல்காப்பியக் கற்பியல், இருவருக்கும் இடையே சென்று பேசும் வாயில்களையும் விரித்துரைக்கிறது. மணவாழ்வில் நேரும் பிறழ்வைப் பொருளாகக் கொள்ளும் இன்றைய திரைப்படம் இவ்வூடலுக்கு எத்தகைய இடம் தருகிறது என்பதே இங்கு எழும் வினா. கௌதம் மேனன் இயக்கி 2007இல் வெளிவந்த ‘பச்சைக்கிளி முத்துச்சரம்’ இதற்குத் தக்க சான்றாகும்.

கதையமைப்பு

ஜேம்ஸ் சீகல் எழுதி 2003இல் வெளிவந்த ‘டீரெயில்டு’ என்னும் ஆங்கில நாவலின் கருவைத் தழுவியது இப்படம். மருந்து நிறுவனத்தில் பணிபுரியும் வெங்கடேஷ் (சரத்குமார்), மனைவி கல்யாணி (ஆண்ட்ரியா), நீரிழிவு நோயுற்ற மகன் என அமைந்தது குடும்பம். மகனின் நோய் தாயின் பொழுது முழுவதையும் கொள்கிறது, கணவன் தனிமையுறுகிறான். இரயில் பயணத்தில் கீதாவின் (ஜோதிகா) நட்பு கிடைக்கிறது. இருவரும் ஓர் அறையில் தனித்திருக்கும்போது லாரன்ஸ் (மிலிந்த் சோமன்) புகுந்து தாக்குகிறான். காதற்கதை அங்கேயே குற்றக்கதையாகிறது. மிரட்டல் தொடர, மகனின் மருத்துவத்திற்கென வைத்த பணமும் கரைகிறது.

நோயும் உழைப்பும் ஓர் இல்லத்தின் அன்பை மெல்ல உலர்த்துவதைக் காட்டும் முற்பகுதியே படத்தின் வலிமையான பகுதி. அங்கே கொடியவர் எவருமில்லை. களைப்பு மட்டுமே உண்டு.

மறைப்பும் விலையும்

மிரட்டுபவனின் முதலீடு வெங்கடேஷின் மௌனமே. முதல் நாளே அவன் மனைவியிடம் உண்மையை உரைத்திருப்பின் அம்மிரட்டலுக்கு விலையில்லை. எனவே கதையை இயக்கும் விசை துப்பாக்கி அன்று, இருவருக்கும் இடையே நிகழாத உரையாடலே எனலாம். ஆயினும் படம் தானே கண்ட இவ்வுண்மையைப் பின்தொடரவில்லை. கீதா லாரன்ஸின் கூட்டாளி என்பது வெளிப்பட்டதும், துரோகம் செய்தவன் வஞ்சிக்கப்பட்டவனாக மாறுகிறான். பார்வையாளரின் சினம் அவனை விட்டுக் கீதாவின்மேல் பாய்கிறது. கல்யாணியின் சினமோ சில காட்சிகளில் அடங்கிவிடுகிறது. கணவன் கையால் வில்லன்கள் வீழ்வதே கழுவாயாக முன்வைக்கப்படுகிறது.

சிலப்பதிகாரம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அதிலும் அழிவு புறத்திருந்தே வருகிறது. பொற்கொல்லனின் பொய்யே கோவலனைக் கொல்கிறது. எனினும் கொலைக்களக் காதையில் கோவலன் தன் பிழையைத் தானே கூறி வருந்த, கண்ணகி அவனது ஒழுக்கக்கேட்டை நேரே சுட்டியுரைக்கிறாள். புறத்து அடி விழுமுன் அகத்துப் பேச்சு முடிந்துவிடுகிறது. மாதவியையும் இளங்கோவடிகள் குற்றவாளி ஆக்கவில்லை. அவள் துறவு பூணுகிறாள். கீதாவுக்கு இத்தகைய அகவாழ்வு மறுக்கப்பட்டது படத்தின் பெருங்குறையாகும்.

திருவனந்தபுரச் சான்று

புறப்பகை ஏதுமின்றி இதே பொருளைத் தமிழில் கையாண்ட படைப்பு நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970). அனந்தசயனரின் நகராகிய திருவனந்தபுரமே இந்நாவலின் களம். ஐம்பதாம் பிறந்தநாளில் அனந்தன் நாயர் கோயிலிலும் தெருக்களிலும் அலைந்து, தன்னை நீங்கிச் சென்ற மனைவி கார்த்தியாயினியை நினைவுகூர்கிறார். இங்கே பிரிந்தவள் மனைவி, மிரட்டலோ கொள்ளையோ இல்லை, பழிவாங்க எவருமில்லை. பேச வேண்டியவள் அருகில் இல்லாமையால் பேச்சு நினைவாக மாறுகிறது. இங்கும் ஊடல் நிகழவில்லை. ஆனால் அதன் இழப்பே நாவலின் பொருளாகிறது. திரைப்படத்திலோ அவ்வெற்றிடம் விரைவான நிகழ்ச்சிகளால் மூடப்படுகிறது.

முடிபு

மணவாழ்வின் பிறழ்வுக்கு விளைவு உண்டு என்பதில் மருதப் பாடலும் காப்பியமும் நாவலும் திரைப்படமும் ஒன்றுபடுகின்றன. விளைவு எங்கே நிகழ்கிறது என்பதில் வேறுபடுகின்றன. பகைவன் வீழ்ந்ததும் திகில் முடிந்துவிடும். கல்யாணி கேட்டிருக்க வேண்டிய வினாக்களோ விடையின்றி எஞ்சுகின்றன.