ஒன்பது லட்சத்துக்கு ஒரு 530டி: முதல் காராக வாங்கலாமா?

அக்கா மகனுக்கு வயது 25. சென்னையை அடுத்த சிறுசேரியில் வேலை. மூன்று வருடச் சேமிப்பில் கார் வாங்கப் போகிறான். அவர்கள் வீட்டுக்கே இதுதான் முதல் கார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டி ஒரு படம் காட்டினான். கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ 530டி, 2011 மாடல், கேட்கும் விலை 9 லட்சம். “மாமா, புது ஸ்விஃப்ட் விலைக்கு இது வருது. ஒரு தடவை நீங்க ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க. நீங்க வேணாம்னா விட்டுடறேன்” என்றான்.

அந்தப் பொறுப்பு பெரியது. விற்பவரிடம் பேசி ஒரு முழு நாள் ஓட்டினோம். மறுநாள் பி.எம்.டபிள்யூ கார்களிலேயே பழகிய ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். இதே ஆசையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அந்த இரண்டு நாள் அனுபவத்தை எழுதுகிறேன்.

பானெட்டுக்குக் கீழே

எஃப்10 என்ற குறியீடு கொண்ட இந்த 5 சீரிஸ் 2010-ல் அறிமுகமானது. புதிதாக வந்தபோது 530டி-யின் விலை அரைக் கோடியை ஒட்டி இருந்தது. இந்தியச் சந்தைக்கான கார்கள் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் பூட்டப்பட்டன.

என்ஜின் 2,993 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், டர்போ டீசல். மெக்கானிக்குகள் இதை என்57 என்பார்கள். 245 குதிரைத்திறன், 1,750 சுற்றிலேயே 540 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஒரு ஸ்விஃப்ட்டின் இழுவிசை 110 சொச்சம்தான் என்பதை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். இசட்.எஃப். நிறுவனத்தின் 8 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்சக்கர இயக்கம். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 6.3 விநாடி என்பது நிறுவனம் தந்த கணக்கு.

ஜி.எஸ்.டி. சாலையில்

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது, இந்தக் கார் பிறந்த ஆலை இங்கேதான் இருக்கிறது என்று பையனிடம் சொன்னேன். பாலாற்றுப் பாலத்துக்குப் பிறகு சாலை காலியானது. ஆக்சிலரேட்டரைக் கால் பங்கு மட்டும் அழுத்தினேன். கியர் மாறியதே தெரியவில்லை. முதுகை சீட்டோடு சேர்த்து யாரோ அமுக்கிப் பிடித்தது போல் இருந்தது. முன்னால் போன லாரியைக் கடப்பதற்கு இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எட்டாவது கியரில் 100-ல் போகும்போது என்ஜின் 1,500 சுற்றை ஒட்டியே ஓடுகிறது. மதுராந்தகம் வரை இருவரும் மெதுவான குரலிலேயே பேசிக்கொண்டு போனோம்.

மனத்தைப் பறித்தது வேகம் மட்டுமில்லை. 14 வருடக் காரின் கதவு இன்றும் கனமாக, ஒரே சத்தத்தில் மூடுகிறது. ஸ்டியரிங் கையில் உறுதியாக நிற்கிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி கோணாமல், தலை குனியாமல் நிற்கிறது. திண்டிவனம் போய்த் திரும்பியதில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தது. இப்படி ஒரு நெடுஞ்சாலைக் கார் இந்தப் பணத்துக்குக் கிடைக்கும் என்றால் ஆசைப்படாதவர் யார்?

ஊருக்குள் வந்தால்

மத்தியானம் ஓ.எம்.ஆரில் நிலைமை வேறு. காரின் நீளம் கிட்டத்தட்ட 4.9 மீட்டர், அகலம் 1.86 மீட்டர், எடை 1,700 கிலோவுக்கு மேல். உயரமான வேகத்தடைகளில் சாய்வாக ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. அக்கா வீட்டு அடுக்குமாடியின் பார்க்கிங்கில் தூணுக்கும் பக்கத்து ஸ்கூட்டருக்கும் நடுவே நுழைக்க மூன்று முறை முன்னும் பின்னும் எடுத்தேன். முப்பது வருடமாக ஓட்டுபவன் நான். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமான கை இங்கே ஒரு பம்பரையாவது உரசும். அது தவறே இல்லை. ஓட்டப் பழகும் எல்லோரும் உரசுகிறோம். அந்த உரசலுக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பதில்தான் முதல் காரின் கணக்கு இருக்கிறது.

மழைக்காலத்தையும் நினைக்க வேண்டும். ஈரச் சாலையில், தேய்ந்த டயரோடு, வளைவில் அவசரப்பட்டு அழுத்தினால் இவ்வளவு இழுவிசையில் பின்சக்கரம் வழுக்கப் பார்க்கும். டி.எஸ்.சி. என்ற கட்டுப்பாட்டு அமைப்பு உடனே குறுக்கிட்டுத் திறனைக் குறைக்கும். அதை ஒருபோதும் அணைக்கக் கூடாது. ஆனால் தேய்ந்த டயரிடமிருந்து இல்லாத பிடிமானத்தை அதனால் வரவழைக்க முடியாது.

லிஃப்டில் ஏற்றிய பிறகு

மறுநாள் மெக்கானிக் முதலில் பார்த்தது டயரை. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரும் எட்டு வருடம் பழையவை. மேல் பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது. இவை ரன்ஃபிளாட் டயர்கள், அதாவது காற்று முழுக்க இறங்கினாலும் குறைந்த வேகத்தில் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகக்கூடியவை. 245/45 ஆர்18 அளவில் நான்குக்கும் எங்களுக்குச் சொன்ன விலை 80 ஆயிரத்தைத் தாண்டியது.

அடுத்து, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். என்57-ன் டைமிங் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் சாதாரணமாக நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் அது தளர்ந்தால், செயினின் விலையைவிட அந்த இடத்தைத் திறக்கும் கூலிதான் பெரிதாக வரும். கிராங்க் புல்லியின் ரப்பர், என்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் இரண்டையும் பார்த்தார். ஈ.ஜி.ஆர். கூலர் கோளாறுக்காக 2018-ல் பி.எம்.டபிள்யூ உலகின் பல நாடுகளில் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. ஆகவே பழைய டீசல் பி.எம்.டபிள்யூ எதை வாங்குவதானாலும், அதன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிலுவையில் ரீகால் உண்டா என்று கேட்டுவிட வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று விற்பவர் சொன்னார். கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்.எஃப்.போ 80 ஆயிரம் முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பேட்டரி மாற்றுவதில்கூட ஒரு விஷயம் உண்டு: புதியதைப் பூட்டிய பிறகு, அதைக் கம்ப்யூட்டர் மூலம் காரில் பதிவு செய்தால்தான் சார்ஜ் சரியாக ஏறும்.

நாங்கள் பார்த்த வண்டியில் என்ஜின் மவுன்ட், சில ஆயில் சீல்கள், பேட்டரி, டயர் என்று சேர்த்து மெக்கானிக் போட்ட மதிப்பு 3 லட்சத்தை நெருங்கியது. இதில் எதுவும் அதிசயமில்லை. 14 வருடத்தில் ரப்பர் எந்தக் காரிலும் களைக்கும். என்னை நிறுத்தியது வேறு. 2018-க்குப் பிறகு சர்வீஸ் பதிவு ஒன்றுகூட இல்லை. அந்த ஏழு வருடம் ஆயிலை யார் மாற்றினார்கள், மாற்றினார்களா என்பதற்கு விற்பவரிடம் பதில் இல்லை.

பேப்பரும் இன்ஷூரன்ஸும்

2011-ல் பதிவான தனியார் காருக்கு 2026-ல் 15 ஆண்டு முடிகிறது. அதன்பிறகு பரிசோதனைக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். டெல்லிப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்குக் கொண்டுவந்த தடையால் அங்கிருந்து பல வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. அப்படிப்பட்ட வண்டி என்றால் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றும் தமிழ்நாட்டுச் சாலை வரியும் உங்கள் கணக்கில் சேரும். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது கடன் அடமானக் குறிப்பு, நீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஷூரன்ஸைப் பலரும் கவனிப்பதில்லை. தேய்மானம் கழிக்காத ஸீரோ டெப் பாலிசி பொதுவாகப் பழைய கார்களுக்குக் கிடைக்காது. சாதாரண பாலிசியில், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். 10 ஆண்டு தாண்டிய காரில் உலோகப் பாகங்களுக்கும் அதே 50 சதவீதம்தான். பம்பர், ஹெட்லைட் எல்லாம் இன்றும் அரைக் கோடிக் காரின் விலையில்தான் வருகின்றன. பார்க்கிங் தூணில் ஒருமுறை பலமாக இடித்தால், பாதிச் செலவு உங்கள் கையிலிருந்து போகும்.

வாங்கலாமா?

காரின் விலை இறங்கிவிட்டது. அதை வைத்துக் காப்பாற்றும் செலவு இறங்கவில்லை. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

முதல் காராக 530டி-யை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் காரில் நாம் ஓட்டுவதை மட்டும் கற்பதில்லை. சத்தம் கேட்டு நோய் கண்டுபிடிப்பது, மெக்கானிக்கிடம் சரியான கேள்வி கேட்பது, பேப்பர் பார்ப்பது எல்லாம் அதில்தான் பழகும். அந்தப் பாடத்தில் தவறு வரும். தவறுக்குச் சில ஆயிரத்தோடு விட்டுவிடும் கார் அந்த வயதில் நல்ல ஆசான்.

வீட்டில் ஏற்கெனவே தினசரிக்கு ஒரு கார் உண்டு, ஓட்டி நாலைந்து வருடம் பழகியாகிவிட்டது, முழு சர்வீஸ் பதிவோடு ஒரு வண்டி கிடைக்கிறது, விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வைக்க முடியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். நெடுஞ்சாலையில் அந்தக் கார் தரும் சந்தோஷம் உண்மையானது.

ஒர்க்‌ஷாப் வாசலில் டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். “சரி மாமா, இது வேணாம்” என்றான். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில், என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு அவனே ஓட்டினான். நான் தடுக்கவில்லை.