வெளிச்சத்துக்கு எதிரே ஒரு ஷீட்

மலைச் சைக்கிள் வாங்க வருகிறவர்கள் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், பிரேக்கை அழுத்திப் பார்ப்பார்கள், கியர் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். டயரைப் பற்றிய பேச்சு பட்டனின் ஆழத்தோடு முடிந்துவிடும். ஆனால் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்துக் காட்டுப் பாதையில் வேரும் கல்லும் எதிர்ப்படும்போது முதல் அடியை வாங்குவது டயர்தான். சைக்கிள் சட்டத்தைப் பொறுத்தவரை ஐஎஸ்ஓ 4210 என்ற தரவிதி, மிதிக்கும் விசையை 1,00,000 தடவை அதன்மேல் ஏற்றி இறக்கிச் சோதிக்கச் சொல்கிறது. உலோகக் குழாயின் தரம் ஆலைக்குள்ளேயே பெருமளவு தீர்மானமாகிவிடும். ரப்பர் அப்படிப்பட்ட பொருள் இல்லை. மரத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்துக்குள் அதன் நல்லதும் கெட்டதும் பாதிக்கு மேல் முடிவாகிவிடும். பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் என்று கெடாவின் தென்பாதி முழுக்கப் பரவிக் கிடந்த தோட்டங்களின் புகைவீடுகளில் காய்ந்த ரப்பர் ஷீட்டை நான் ஒரு கலைப்பொருளாக மதிப்பதற்குக் காரணம் அதுதான். கடைசியில் நடக்கும் பரிசோதனை நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத்தான் உதவும்; பொருளை நல்லதாக்குவது அதற்கு முன்னால் வேலை செய்த கைகள். அந்தக் கைகள் ஒவ்வொன்றும் என்ன செய்தன என்பதை மறைக்காமல் காட்டுகிற பண்டம் ஷீட்டைப் போல இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

வேலை விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. வெயில் ஏறுவதற்குள் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக ஓடும். பட்டையை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். உளி அதைத் தாண்டி உள்தோலைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் முண்டு விழும். பட்டை திரும்ப வளர்ந்த பிறகும் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. பால் வடியும் கோப்பையான மங்கு சுத்தமாக இல்லையென்றால் பழைய பாலில் தங்கிய கிருமி புதுப் பாலைப் புளிக்கச் செய்து, பாலைப் பதப்படுத்தும் ஸ்டோருக்குப் போகுமுன்பே கட்டி தட்ட வைத்துவிடும். ஸ்டோரில் பாலைச் சல்லடையில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, ரப்பர் அளவைச் சுமார் 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் கலக்கிறார்கள். மேலே திரளும் நுரையை வழித்தெடுத்த பிறகு அலுமினியத் தகடுகளை இறக்கிவிட வேண்டும். நுரை தங்கினால் ஷீட்டுக்குள் குமிழி தங்கும். உறைந்த பால் ரோலர்களுக்கிடையே படிப்படியாக மெலிந்து சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும். கடைசி ஜோடி ரோலர் வரிவரியாகப் பதிக்கும். அந்த வரிகளை அழகுக்கென்று நினைக்கத் தோன்றும். மேற்பரப்பை அகலமாக்கிச் சீக்கிரம் காய வைப்பதும், அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பதும் அவற்றின் வேலை. பிறகு புகைவீட்டில் நான்கைந்து நாள். சூட்டை மெல்ல ஏற்றி 60 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஷீட் கொப்புளம் போடும், பிசுபிசுக்கும். புகையில் இருக்கும் சரக்குதான் பூஞ்சணத்தைத் தடுக்கிறது.

இத்தனையும் தாண்டி வெளியே வரும் ஷீட் தேன் நிறத்தில் இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி போல ஒளியை விடும். தரம் பிரிக்கும் மேசையில் நடந்த வாசிப்பு ரசிக்கத் தக்கது. ஷீட்டைத் தூக்கிப் பிடித்தவுடன் நடுவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே ஈரம் காயவில்லை என்று பொருள். கருத்துப் போயிருந்தால் புகை மிஞ்சிவிட்டது. ஊசிமுனைக் குமிழிகள் கொத்தாகத் தெரிந்தால் பால் புளித்துப் போன பிறகு ஆசிட் கலந்திருக்கிறார்கள், இல்லையென்றால் அடுப்பு தாறுமாறாக எரிந்திருக்கிறது. கரும்புள்ளி, மண் துகள் என்றால் சல்லடையில் ஓட்டை. ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்க்கும்போது மேலே பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஏடு உடைந்தால் அதற்குத் துரு என்று பெயர். ரோலரில் கழுவியது போதவில்லை, புகைவீட்டுக்கு அனுப்பத் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். கத்தரிக்கோலால் அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தை அடுக்கில் போடுவார்கள். எந்தக் குறை எந்த மணியில், எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதைக் கருவி எதுவும் இல்லாமல் ஒரு பார்வையில் சொல்லிவிடும் அறிவு இது. அமெரிக்க ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் வெளியிட்ட ‘பச்சைப் புத்தகம்’ என்ற உலகத் தரவிதி, ஆர்எஸ்எஸ் 1 முதல் 5 வரை புகை ஷீட்டுக்கு வகுத்த படிநிலைகளெல்லாம் இந்தப் பார்வையைத்தான் எழுத்தில் வடித்தன.

ஒரு மண் துகளுக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். இயற்கை ரப்பரின் தனிச்சிறப்பு, இழுத்தால் அதன் மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாவது. கிழிசல் ஒன்று முன்னேற முயலும் நுனியில் ரப்பர் தானாகவே கெட்டிப்படுகிறது. வளைந்து நிமிரும்போது சூடும் குறைவாகவே ஏறும். விமான டயரிலும் கனரக லாரி டயரிலும் செயற்கை ரப்பர் இன்றுவரை இயற்கை ரப்பரை வெளியேற்ற முடியாததற்குக் காரணம் இதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான முறை வளையும் ரப்பர் எங்கிருந்து வெடிக்கத் தொடங்குகிறது என்று பார்த்தால், உள்ளே ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு சின்னக் குறையிலிருந்துதான். அது பெரிதாக இருந்தால் ஆயுள் குறையும். டயரின் பக்கச்சுவர் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சராசரியைவிட அதற்குள் இருக்கும் மிக மோசமான புள்ளி தீர்மானிக்கிறது. ஆகவே ஷீட்டைத் தூக்கிப் பார்த்துப் புள்ளி தேடிய கண் சரியான இடத்தைத்தான் தேடியது.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஆய்வகத்திலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத குறைகள் உண்டு. செம்பும் மாங்கனீசும் இம்மியளவு கலந்தாலும் ரப்பர் விரைவில் நைந்து போகும். ஷீட்டோ தேன் நிறத்தில் பளபளத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் முதல் தரம் என்பதை இன்னொருவர் இரண்டாம் தரம் என்பார், சண்டை துறைமுகத்தில் முடியும். செயற்கை ரப்பர் தர அளவு சொல்லி விற்கப்பட்ட காலத்தில் இப்படியே போட்டியிட முடியாது என்று உணர்ந்துதான் மலேசியா 1965-இல் எஸ்எம்ஆர் என்ற தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் திட்டத்தைக் கொண்டுவந்தது. எஸ்எம்ஆர் 5, 20, 50 என்ற அந்தப் பெயர்களிலேயே அழுக்கின் வரம்பு இருந்தது: 0.05, 0.20, 0.50 சதவீதம். ரப்பரைக் கரைத்து, 44 மைக்ரான் சல்லடையில் வடித்து, மிஞ்சியதை நிறுத்தார்கள். 140 டிகிரியில் 30 நிமிடம் சுடவைத்து, மென்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தார்கள். எந்தக் கண்ணும் சொல்லியிருக்க முடியாத எதிர்காலத்தை அந்த எண் சொன்னது. ரப்பர் வாணிகத்தில் நிகழ்ந்த பெரிய அறிவுப் பாய்ச்சல் அது. ஷீட்டின் மேல் உள்ள பிரியத்தால் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எஸ்எம்ஆர் கட்டி என்பது நொறுக்கிக் கழுவிக் காய வைத்து அழுத்திய 33 கிலோ பாளம். அதன் எண், மாதிரி எடுத்த பகுதியின் சராசரி. நல்லதையும் மட்டமானதையும் கலந்து வரம்புக்குள் கொண்டுவந்துவிடலாம். தவறு எந்த மங்கில் நடந்தது என்று பாளத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எண் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தவறு நடந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்துகிற வழியை ஷீட் தருகிறது. இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி. முன்னது வந்ததும் பின்னதைப் பழங்கதை என்று ஒதுக்கியதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்து, விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு ஓடி, அரை வயிற்றுக் கூலிக்கு உழைத்த மக்களின் பொருளைக் கலையென்று கொண்டாடுவது அவர்களின் பாட்டை அழகாக்குவது ஆகாதா? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளை எதிர்த்துத் தோட்டம் தோட்டமாகத் திரண்டதன் பின்னால் அந்த வாழ்க்கையின் மீதான கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் திறமையைப் பேசாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். ‘கூலி’ என்ற ஒரே கணக்கில் அவர்களை எழுதியதால்தான் பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டரைக் கையால் அளக்கத் தெரிந்தவருக்கும், ஷீட்டைப் பார்த்துப் புகைவீட்டின் கோளாறைச் சொல்லத் தெரிந்தவருக்கும் திறனுக்கான சம்பளம் கிடைக்கவில்லை. ஆர்எஸ்எஸ் 1-க்கும் 3-க்கும் இடையிலான விலை வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் அவர்கள். அந்த வித்தியாசம் சேர்ந்தது வேறு கணக்கில்.

தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன, துண்டாடப்பட்டன. எஞ்சிய சிறு தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஷீட் போடுவதில்லை. மங்கிலேயே உறைய விட்ட கட்டிப்பாலைச் சாக்கில் போட்டு எடைக்கு விற்கிறார்கள். ஆள் பற்றாக்குறையில் அது நியாயமான முடிவு. ஆனால் எடைக்கு விலை என்றால் தண்ணீருக்கும் மண்ணுக்கும் சேர்த்தே விலை. சுத்தமான மங்குக்குத் தனி மதிப்பில்லை. புகை ஷீட் உலகிலிருந்து போய்விடவில்லை. தாய்லாந்து அதை இன்னும் பெருமளவில் செய்கிறது, ஜப்பானின் ரப்பர் முன்பேரச் சந்தையில் ஆர்எஸ்எஸ் 3 இன்றும் விலை பேசப்படும் சரக்கு. கெடாவில் கட்டிப்பால் வாங்கும் இடத்தில் ஒரு கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, உள்ளே பட்டைத் துணுக்கும் மண்ணும் இல்லாதவருக்குக் கிலோவுக்குச் சில காசு கூட்டிக் கொடுத்தாலே போதும்: தரக்கட்டுப்பாடு ஆலை வாசலிலிருந்து மறுபடி மரத்தடிக்குப் போய்விடும்.