எண்ணப்பட்ட புடவைகள்

2015 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு மாலை. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு வெளியே, காந்தி சாலைப் பக்கம் ஒரு தெருமுனைக் கூட்டம். இடைத்தேர்தல் பிரச்சாரம் உச்சத்தில் இருந்தது. கல்லூரி முடிந்து வந்த நான் வழக்கமாகப் பூ வாங்கும் அம்மாவின் கூடையருகே நின்றுவிட்டேன். மேடையில் இருந்தவர் புடவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பத்தாயிரத்து ஐந்நூறு புடவை, நாளைக்கு ஒன்று கட்டினாலும் கட்டி முடிக்க 29 வருடம் ஆகும் என்றார். கூட்டம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். எழுநூற்றைம்பது ஜோடிச் செருப்பு என்றதும் சிரிப்பு இன்னும் கூடியது. பூக்கார அம்மா மட்டும் சரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்க வீட்டுல நாலு பொடவதான் டீச்சர், அதையும் வந்து எண்ணிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

கேலி அவர் குரலில் இருந்ததா, எரிச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று நான் சிரித்ததை அதற்குப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தமிழ் படித்தவள், பிரதியைக் கட்டுடைப்பது எப்படி என்று மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், ஒரு மேடைப் பேச்சு என்னை எதற்குச் சிரிக்க வைக்கிறது என்று கேட்டுக்கொள்ளாமல் சிரித்தேன். ஊழல் எதிர்ப்புப் பேச்சும் ஒரு இலக்கிய வகைதான். அதற்கு மரபு உண்டு, உவமை உண்டு, நாயகனும் எதிர்நாயகியும் உண்டு. அந்த வகையைப் பெண்கள் வாசிக்க வேண்டிய விதத்தில் வாசித்துப் பார்க்கும் முயற்சி இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது ஜெயலலிதாவுக்கான வக்காலத்து அல்ல. 2011இல் நாங்கள்தான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினோம், 41,848 வாக்கு வித்தியாசத்தில். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் அவருக்கு நான்காண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. தண்டனை பெற்ற உறுப்பினர் அந்தக் கணமே பதவி இழப்பார் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால், முதல்வராக இருக்கும்போதே தகுதி இழந்த முதல் ஆள் எங்கள் தொகுதி உறுப்பினர் ஆனார். அதனால் வந்ததுதான் அந்த இடைத்தேர்தல். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. அதற்குள் அவர் இறந்திருந்தார். உடன் குற்றம் சாட்டப்பட்ட மூவர் சிறை சென்றார்கள். நடந்தது ஊழல்தான். என் கேள்வி, அந்த ஊழல் நமக்கு எப்படிக் கதையாகச் சொல்லப்பட்டது என்பது.

குற்றப்பத்திரிகை சொன்ன தொகை 66.65 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி நிலம், கட்டடம், பெயரளவு நிறுவனங்கள், வங்கிக் கணக்குகள். யாரிடமிருந்து அந்த நிலம் வாங்கப்பட்டது, என்ன விலைக்கு, பதிவு அலுவலகங்கள் எப்படி வளைந்துகொடுத்தன என்பதெல்லாம் உண்மையில் ஒரு மாநிலமே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. புடவையும் செருப்பும் அந்தத் தொகையில் சிறு பங்கு. ஆனால் 1996 டிசம்பரில் போயஸ் தோட்டச் சோதனைக்குப் பிறகு தொலைக்காட்சி நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது அலமாரிகளை. அடுக்கிய புடவை, வரிசை வைத்த செருப்பு, நகை. அதற்கு முந்தைய ஆண்டு, 1995 செப்டம்பரில் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின்போது, நகை பூட்டி நின்ற இரண்டு பெண்களின் புகைப்படம் 1996 தேர்தலையே தீர்மானித்தது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் படத்தைப் பற்றி மேடைகளில் பேசப்பட்டதில் பாதியை இங்கே எழுத முடியாது. இரண்டு பெண்களுக்கு நடுவே இருந்த நட்பை எந்தெந்தச் சொல்லால் அழுக்காக்கினார்கள் என்பது அந்தக் காலத்தில் கல்லூரியில் படித்த என் வயதுப் பெண்களுக்கு நினைவிருக்கும். ஊழலைக் கண்டிக்கிறோம் என்ற பெயரில் அதைப் பேச முடிந்தது. கேட்டவர்களும் ஊழலைக் கண்டிப்பதாகவே நினைத்துக் கைதட்டினார்கள்.

அதே 1996, ஆகஸ்ட் மாதம். தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த சுக்ராமின் வீடுகளில் மத்தியப் புலனாய்வுத் துறை மூன்றரைக் கோடிக்கு மேல் ரொக்கம் எடுத்தது. அவருக்கு எத்தனை கோட்டு, எத்தனை ஜோடி ஷூ என்று யாரும் எண்ணவில்லை. பணம் பணமாகவே பேசப்பட்டது. அவரைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கிய பாரதிய ஜனதா கட்சி, 1998இல் இமாச்சலத்தில் அவர் தொடங்கிய புதுக் கட்சியோடு சேர்ந்தே ஆட்சி அமைத்தது. நம் ஊர்க் கதையும் வேறல்ல. 1996இல் ஊழலின் மறுபெயராகச் சொல்லப்பட்டவர் 1998 மக்களவைத் தேர்தலில் டெல்லி ஆட்சியைத் தீர்மானிக்கும் கூட்டணித் தலைவி ஆனார். போஃபர்ஸ் என்றால் பீரங்கி, பீகாரில் என்றால் மாட்டுத் தீவனம், அலைக்கற்றை என்றால் ஒன்றே முக்கால் லட்சம் கோடி. ஆணின் ஊழலுக்குக் கோப்பும் எண்ணும் அடையாளம். பெண்ணின் ஊழலுக்கு அலமாரி.

2011இல் மேடை மாறியது, பேச்சு மாறவில்லை. இந்த முறை ஊழல் எதிர்ப்பு பேசியவர் ஜெயலலிதா. அலைக்கற்றை விவகாரத்தில் தணிக்கை அதிகாரி 1.76 லட்சம் கோடி இழப்பு என்று மதிப்பிட்டிருந்தார்; புலனாய்வுத் துறையின் குற்றப்பத்திரிகை சொன்னது 30,984 கோடி. மேடைக்குப் பெரிய எண்தான் வேண்டும். கூடவே ஒரு குடும்பக் கதையும் வேண்டும். ஆ. ராசா அமைச்சர், முடிவெடுத்தவர். அவரைக் கோப்போடு பேசினார்கள். கனிமொழியைப் பேசும்போது மகள், துணைவி, இரண்டாம் வீடு என்ற சொற்களுக்குள் போனார்கள். கனிமொழி 2011 மே மாதம் கைதாகி நவம்பர் வரை திகாரில் இருந்தார். பெண் என்ற அடிப்படையில் ஜாமீன் கேட்டபோது, சமூகத்தின் மேல்தட்டில் இருப்பவர், நாடாளுமன்ற உறுப்பினர், பெண் என்பதால் இவருக்கு எந்தப் பாகுபாடும் நேரவில்லை என்று சொல்லி மறுத்தது விசாரணை நீதிமன்றம். சட்டப்படி அது சரியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்த மாதங்களில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் என்னைக் கவிஞர் என்று அறிமுகம் செய்தவர், "இவரும் கவிஞர்தான், அலைக்கற்றை எதுவும் வைத்திருக்கவில்லையே" என்று சிரித்தார். ஒரு ஆண் கவிஞரிடம் அந்த நகைச்சுவை செல்லுபடியாகியிருக்காது. 2017 டிசம்பர் 21இல் ராசா, கனிமொழி உள்ளிட்ட எல்லோரையும் அதே தனி நீதிமன்றம் விடுவித்தது. கூட்டத்தில் சிரித்தவரை அதற்குப் பிறகும் சந்தித்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான வியாதி என்று நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸில் மார்கோஸ் ஆட்சி கொள்ளையடித்ததை உலகம் நினைவு வைத்திருப்பது இமெல்டாவின் செருப்புகளாக. உக்ரைனில் யூலியா திமோஷென்கோவைப் பற்றி எழுதியவர்கள் எரிவாயு ஒப்பந்தத்துக்குச் சமமாக அவருடைய பின்னலைப் பற்றியும் எழுதினார்கள். 2004 ஆரஞ்சுப் புரட்சியில் ஊழலை ஒழிக்க வந்தவர் அவர். 2011இல் ஏழாண்டு தண்டனை பெற்றார். அவரை விசாரணைக் காலத்தில் காவலில் வைத்தது தன்னிச்சையானது என்று 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. இதன் மறுபக்கமும் உண்டு. 2018இல் ஸ்லோவாக்கியாவில் ஊழலை விசாரித்த இளம் பத்திரிகையாளர் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த ஆண்டு அங்கே வழக்கறிஞர் சுசானா சாபுடோவா குடியரசுத் தலைவரானார். அவருடைய வெற்றியைக் கொண்டாடிய எழுத்துகளில் புதியவர், தூயவர் என்ற தொனி ஓங்கியிருந்தது. அவர் ஒரு சட்டவிரோதக் குப்பைக் கிடங்குக்கு எதிராகப் பத்தாண்டுக்கு மேல் வழக்காடிய உழைப்பு அந்தத் தொனியில் சற்று மங்கியது. பெண் என்றால் அழுக்கு, இல்லையென்றால் துடைப்பம்.

துடைப்பம் என்றதும் நம் மொழிக்கு வர வேண்டியிருக்கிறது. ஊழல் என்ற சொல்லின் பழைய பொருள் அழுகல், பதனழிவு. அதற்கு எதிர்நிலையில் மேடைகள் நிறுத்தும் சொற்களைப் பாருங்கள்: கறைபடியாத கரம், களங்கமற்ற வாழ்வு, தூய்மையான ஆட்சி, மாசற்றவர். இவற்றில் ஒன்றாவது பெண்ணுடலின்மேல் முதலில் ஏற்றப்படாத சொல்லா? கறை எது, தீட்டு எது, மாதத்தில் எந்த நாளில் யார் எந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று ஏழு பிராகாரக் கோயிலைச் சுற்றி வாழும் எங்களுக்கு யாரும் அகராதி எடுத்துத் தர வேண்டாம். ஒரு ஆண் அரசியல்வாதி கறைபட்டால் கழுவிக்கொள்ளலாம், கூட்டணி மாறினால் போதும். கற்பின் மொழியில் பேசப்படும் பெண்ணுக்குக் கறை என்பது கறைதான். எல்லாத் தரப்பாலும் கறை சொல்லப்பட்ட ஜெயலலிதா கடைசியில் 'அம்மா' என்ற பெயருக்குள் போய்த்தான் அதைக் கடந்தார். தீர்ப்புக்குப் பிறகு 'மக்கள் முதல்வர்' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். தாய்க்குக் கணக்குக் கேட்பார் உண்டா?

சிலப்பதிகாரம் நடத்தும் ஒவ்வொரு ஆண்டும் எனக்கு இது உறுத்தும். ஒரு பொற்கொல்லனின் களவு, விசாரிக்காத அரசன், தவறான தண்டனை. அதிகாரத்தின் சீர்கேட்டை நம் முதல் காப்பியமே பேசுகிறது. அதில் நகையைக் கையில் எடுத்துக்கொண்டு அவைக்கு வருபவள் ஒரு பெண். சிலம்பு அங்கே அரசனுக்கு எதிரான சாட்சியம், உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்பதில் தீர்ப்பு இருக்கிறது. 1996க்குப் பிந்தைய மேடையில் நகை பெண்ணுக்கு எதிரான சாட்சியமாக மட்டும் மிஞ்சிவிட்டது. 2025 பிப்ரவரியில் அந்த வழக்கின் நகைகளை பெங்களூரு நீதிமன்றம் தமிழ்நாட்டு அரசிடம் ஒப்படைத்தபோது ஒட்டியாணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள் என் மாணவிகள். கூடவே ஒப்படைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலப் பத்திரங்களைப் பற்றி ஒருத்தி மட்டும் கேட்டாள், "மேம், அது யாரோட நிலம்?" என்று.

இன்னொரு பக்கம் வாக்குக்குப் பணம். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அதற்கு 'ஃபார்முலா' என்றே பெயர் வந்துவிட்டது; 2017இல் ஆர்.கே. நகர் தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது. ஒவ்வொரு முறையும் செய்தியில் காட்டப்படும் படம் வரிசையில் நிற்கும் பெண்கள். கொடுத்தவர் நிழலில், வாங்கியவள் வெளிச்சத்தில். எங்கள் தெருவில் கவர் வந்த இரவு எனக்குத் தெரியும். கொண்டுவந்தது ஆண்கள், பட்டியல் வைத்திருந்தது ஆண்கள், கணவன் கையெழுத்துப்போல வாங்கிக்கொண்டதும் பெரும்பாலும் ஆண்கள். மறுநாள் டீக்கடையில் "பொம்பளைங்க காசுக்கு ஓட்டு போட்டுடுறாளுங்க" என்றார்கள்.

எந்த ஊழல் மேடைக்கு வருவதில்லை என்று பார்த்தால் இந்தப் பேச்சின் எல்லை தெரியும். என் முதல் பிரசவம் அரசு மருத்துவமனை ஒன்றில். குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டுவதற்கு என் அம்மாவிடம் காசு கேட்டார்கள். ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதைவிடக் குறைவு. எனக்குப் பிறந்தது பெண். அம்மா அதை ஒரு சலுகை மாதிரிதான் சொன்னார். பிறந்த நிமிடத்தில் லஞ்சத்தில்கூட விலை குறைவாகப் போட்ட அந்தக் கணக்கை எந்தக் கட்சியின் ஊழல் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. அங்கே கேட்ட ஆயாவும் ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்த பெண்தான். அவரை மேடையேற்றித் திட்டினால் பிரச்சினை தீராது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய காரணம், அது ஒரு எதிரியைத் தராது. தேர்தலுக்கு எதிரி வேண்டும்.

அந்த இடைத்தேர்தலில் அதிமுகவின் வளர்மதி 96,516 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். எண்ணிய புடவைகள் எதுவும் செய்யவில்லை. அமைச்சர்கள் பட்டாளமாக வந்து தங்கியதும் பணமும் ஒரு காரணம் என்றார்கள், இருக்கலாம். பூக்கார அம்மா யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கணவர் இறந்து இரண்டு வருடமாகியும் அவருக்கு விதவை உதவித்தொகை வந்திருக்கவில்லை. மாதம் 1,000 ரூபாய் அப்போது. மனுவை நான்தான் எழுதிக்கொடுத்தேன். மேலே அனுப்ப ஒரு அலுவலகத்தில் 3,000 கேட்டார்கள், மூன்று மாதத் தொகை. தேர்தல் முடிந்து சில வாரம் கழித்துப் பூ வாங்கப் போனபோது அவர் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். மனு என்ன ஆச்சு என்றேன். "ஆர்டர் வந்துரும்னு சொல்லிருக்காங்க டீச்சர்" என்று முழம் அளந்து கொடுத்தார்.