ஆள் எடுப்பு: அக்கரையும் இக்கரையும்

கோவையில் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு மாணவரிடம் வேலைக்கான தகுதி என்ன என்று கேட்டால், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம், பன்னிரண்டில் 60, கல்லூரியில் 60, அரியர் (தேறாமல் நிற்கும் பாடம்) இருக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். மட்டக்களப்பில் பட்டம் முடித்து உத்தியோகம் தேடுகிறவருக்கும் இப்படி ஒரு மனப்பாடம் உண்டு. பத்தாம் வகுப்புக்கு நிகரான சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடச் சித்தி, அவற்றுள் மொழியும் கணிதமும் சேர்ந்து நான்கில் திறமைச் சித்தி, இரண்டு தடவைக்கு மேல் தோற்றியிருக்கக் கூடாது. இருவரையும் இன்றும் கழித்துவிடக்கூடியது, பதினைந்து பதினாறு வயதில் எழுதிய ஒரு பரீட்சை. இன்று அவர்களால் என்ன செய்ய முடியும் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதற்குச் சொல்லப்படும் காரணம் கூட்டம். அது பொய்யல்ல. 2022 ஜூலையில் அரசுப் பணிக்காக நடந்த குரூப் 4 தேர்வை, முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்காக 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தனியார் நிறுவனத்திலும் ஒரு விளம்பரத்துக்கு விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. சல்லடை இல்லாமல் முடியாது. ஆனால் பத்தாம் வகுப்பில் 58 வாங்கிய பெண்ணை, அவள் இப்போது எவ்வளவு நன்றாக நிரல் எழுதினாலும், ஒரு மனிதக் கண் பார்ப்பதற்கு முன்பே கணினி கழித்துவிடுகிறது. நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் நிறுவனம், தானே கழித்தவர்களைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

இலங்கைத் தனியார் துறையில் அவ்வளவு கூட்டம் இல்லை. அங்கே சல்லடையாக இருப்பது அறிமுகம். சுயவிபரக் கோவையில் மதம், திருமண நிலை, படித்த பாடசாலை எல்லாம் எழுதுவது வழக்கம். கடைசியில், உறவினரல்லாத இருவரின் பெயரும் பதவியும் கேட்கிறார்கள். அதிபர், வைத்தியர், வங்கி முகாமையாளர் என்று எழுதினால் மதிப்பு. முல்லைத்தீவில் நாளாந்தக் கூலிக்குப் போகும் ஒருவரின் மகனுக்கு எந்த வைத்தியரைத் தெரியும்? அந்த இரண்டு வரியை நிரப்ப அவன் யார் யார் வீட்டு வாசலிலோ நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இருவரிடமும் பெரும்பாலும் யாரும் எதையும் கேட்பதுமில்லை.

சம்பளத்தை மறைப்பதில் இரு நாட்டுக்கும் வேறுவேறு வழிகள். சென்னையில் ஆண்டுக்கு 3,60,000 சி.டி.சி. (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்பார்கள். பையன் வீட்டில் மாதம் முப்பதாயிரம் என்று சொல்லிவிடுவான். முதலாளி கட்ட வேண்டிய வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை, காப்பீட்டுத் தவணை, கிடைத்தாலும் கிடைக்கலாம் என்ற ஊக்கத்தொகை எல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் வைப்பு நிதிக்கு மட்டும் நிறுவனத்தின் 1,800, அவனுடைய 1,800 போய்விடும். முதல் மாதம் வங்கிக்கு வரும் தொகையைப் பார்த்தபின்தான் உண்மை தெரிகிறது.

கொழும்பில் விளம்பரமே ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்று முடிந்துவிடும். நேர்முகப் பரீட்சையில் தொகையைச் சொன்னாலும், அதில் அடிப்படை கொஞ்சம், மீதி வரவுக் கொடுப்பனவு, ஊக்கக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் கட்ட வேண்டும். அந்த நிதிக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் சிறிதானால் கட்டுவதும் சிறிது. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்த பின்னர் இந்த விளையாட்டுக்கு இடம் குறைந்திருக்கிறது.

ஒன்றில் இலங்கைச் சட்டத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். கடை, அலுவலக ஊழியருக்கு வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கும் கடமை 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. சேமலாப நிதியும் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் பொருந்தும். இந்தியாவில் வைப்பு நிதிக்கு 20 பேர் வேண்டும். எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் என்பது 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடுதான் வந்தது. இலங்கையில் சட்டம் இருந்தும் யாழ்ப்பாணத்துக் கடைகளில் நியமனக் கடிதம் கையில் உள்ள விற்பனைப் பெண்கள் எத்தனை பேர்?

இந்திய நிறுவனங்களின் பிழைகளில் மிக மோசமானதாக நான் நினைப்பது, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பது. புதிய வேலைக்கு என்ன மதிப்பு என்று பார்க்காமல், பழைய முதலாளி கொடுத்ததற்கு மேல் இத்தனை சதவீதம் என்று தீர்மானிக்கிறார்கள். முதல் வேலையில் ஏமாந்தவர் அடுத்த மூன்று வேலைகளிலும் அந்த ஏமாற்றத்தைச் சுமக்கிறார். தன் ஊழியர் விலகினால் 90 நாள் நோட்டீஸ் கேட்கும் அதே நிறுவனம், வெளியிலிருந்து வருபவர் பதினைந்து நாளில் சேர வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் ரிலீவிங் லெட்டர் (பணி விடுவிப்புக் கடிதம்) கிடைக்காமல் அலைகிறார்.

அரசே முதலாளியாக இருக்கும்போது பிழையின் அளவு பெரிது. 2017இல் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், திருகோணமலை, அம்பாறை மாவட்டங்களில் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் நூறு நாளுக்கு மேல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020இல் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாவில் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டது இலங்கை அரசு. என்ன வேலைக்கு என்பது முதலில் தீர்மானிக்கப்படவில்லை. பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரோடு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வகுப்பில் நின்று பாடம் நடத்தியவர்கள், ஆசிரியர் சேவையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மறுபடி தெருவுக்கு வந்தார்கள். ஆளை எடுத்துவிட்டு வேலையைத் தேடினால் இதுதான் நடக்கும்.

தமிழ்நாட்டு அரசு செய்தது வேறு வகை. ஆசிரியர் தகுதித் தேர்வில் 2013இல் தேறி நியமனத்துக்குக் காத்திருந்தவர்களிடம், இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது 2018இல் வந்த அரசாணை 149. விதியை நடுவழியில் மாற்றியது அரசு. வயது ஏறியது அவர்களுக்கு.

இரு நாட்டு வேலை தேடுபவர்களும் ஒரே குரலில் சொல்லும் குறை, பதில் வராததுதான். மன்னாரிலிருந்து ஒரு பெண் தபாலுறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுதி, பதிவுத் தபாலுக்குக் காசு கட்டி அனுப்புகிறாள். அழைப்பு வந்தால் இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் முகம் கழுவி, மூலச் சான்றிதழ்க் கோவையோடு எட்டு மணிக்கே போய் இருக்கிறாள். பத்து நிமிடக் கேள்வி, அதிலும் பாதி சிங்களத்தில். பிறகு எந்தச் செய்தியும் இல்லை. சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் வாக்-இன் நேர்முகம் என்று காலையிலிருந்து வெயிலில் நின்றவருக்கும் மாலையில் கிடைப்பது “மெயில் வரும்” என்ற சொல்தான். ஆயிரம் பேருக்கு எப்படிப் பதில் போடுவது என்று கேட்கும் சென்னை நிறுவனத்திடம், அவர்களைக் கழித்த அதே மென்பொருள் இருக்கிறது. நாற்பது விண்ணப்பம் வந்த கொழும்பு நிறுவனத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பது இரண்டே விஷயம். விளம்பரத்திலேயே கையில் கிடைக்கும் சம்பளத்தைப் போடுங்கள். நேரில் அழைத்தவர்களுக்கு, எடுக்கவில்லை என்றால் இல்லை என்று ஒரு வாரத்துக்குள் ஒரு வரி அனுப்புங்கள். அதற்காகக் காத்திருந்து அடுத்த வாய்ப்பைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.