தோபித்து வீட்டு ஆட்டுக்குட்டி

திருமணத் திருப்பலிகளில் தோபித்து நூலின் வாசகத்தைக் கேட்டிராத கத்தோலிக்கர் நம்மிடையே அரிது. தோபியாவும் சாராவும் மணவறையில் எழுந்து நின்று இறைவனைப் போற்றி மன்றாடும் எட்டாம் அதிகாரப் பகுதியைத் திருமணச் சடங்கிற்குரிய வாசகங்களுள் ஒன்றாகத் திருச்சபை வைத்திருக்கிறது. வாசகம் முடியும், மாலை மாற்றுவோம், பந்திக்குப் போவோம். அந்த நூலில் அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? மொத்தம் பதினான்கே அதிகாரங்கள். ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம்.

மற்றவரைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. குருமடத்தில் இந்நூலைப் பாடமாகப் படித்தவன் நான். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இதைப் பற்றி ஒரே மறையுரையைத்தான் ஆற்றி வந்தேன். தோபித்து பொறுமையின் இலக்கணம். பார்வை போன பின்னும் கடவுளை விட்டு விலகாதவர். அவர் மனைவி அன்னாவோ துன்ப நாளில் கணவனைக் குத்திப் பேசியவர். யோபுவின் மனைவிக்குத் தங்கை போன்றவர். கணவரைப் போலப் பொறுமையாய் இருங்கள், மனைவியைப் போல முணுமுணுக்காதீர்கள், அப்போது குடும்பத்தில் மகிழ்ச்சி நிலவும். இவ்வளவுதான் என் மறையுரை.

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மையார் ஆலய வாயிலில் காத்திருந்தார். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். தையல் வேலை செய்பவர். கணவர் நோயுற்று வீட்டிலேயே இருப்பவர். "சாமி, அந்த அம்மா கொண்டுவந்த ஆட்டுக்குட்டியைக் கடைசியிலே சமைச்சாங்களா, திருப்பிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அறைக்குச் சென்று நூலைத் திறந்து பார்த்தேன். நூலிலும் விடை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தபோது, நான் அதுவரை பார்த்திராத ஒரு நூல் என் முன் விரிந்தது.

முதலில் அந்தக் காட்சி. அசீரியரால் நாடு கடத்தப்பட்டு நினிவேயில் வாழும் இஸ்ரயேலர் தோபித்து. பசித்தவருக்கு உணவும், ஆடையற்றவருக்கு ஆடையும், கொலையுண்டு கிடப்போருக்குக் கல்லறையும் கொடுப்பதே அவர் வாழ்க்கை. பெந்தக்கோஸ்து விழாவன்று விருந்துக்கு அமர்ந்தவர், சந்தையில் தம் இனத்தான் ஒருவன் பிணமாய்க் கிடப்பதைக் கேட்டு உண்ணாமலே எழுகிறார். கதிரவன் மறைந்தபின் அவனை அடக்கம் செய்துவிட்டு முற்றத்துச் சுவர் ஓரம் உறங்குகிறார். குருவிகளின் எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போகிறது. உறவினர் அகிக்கார் இரண்டு ஆண்டுகள் ஆதரிக்கிறார். பின்பு அவரும் வேறிடம் செல்கிறார். அதன்பின் வீட்டுச் சுமை அன்னாவின் தறிக்கு வந்துவிடுகிறது. கூலிக்குத் துணி நெய்து கொடுக்கிறார். ஒரு நாள் துணியைப் பெற்றுக்கொண்டவர்கள் முழுக் கூலியையும் கொடுத்து, வீட்டில் சமைக்க ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் குட்டி கத்துகிறது. பார்வையற்ற கணவருக்கு அந்தக் குரல் மட்டுமே கேட்கிறது. 'எங்கிருந்து வந்தது? திருடியதாய் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு' என்கிறார். கூலிக்கு மேல் அன்பளிப்பாகத் தந்தார்கள் என்று அன்னா சொல்லியும் நம்பவில்லை. அதற்குப் பிறகே அந்தக் கூரிய சொற்கள் வருகின்றன: உம்முடைய தருமங்கள் எங்கே, நற்செயல்கள் எங்கே?

இந்த வரிசையை நான் கவனித்ததே இல்லை. அன்னா முணுமுணுத்துத் தொடங்கவில்லை. கையில் ஒரு விருந்தோடு வந்தார். குற்றச்சாட்டு முதலில் எழுந்தது கணவரிடமிருந்து. அது ஏன் எழுந்தது என்பதில்தான் ஆசிரியரின் நுட்பம் இருக்கிறது. தோபித்து வாழ்நாள் முழுவதும் கொடுத்தவர். கொடுத்தே பழகிய கை, வாங்க நேர்ந்தபோது கூசுகிறது. பிறருக்கு அப்பம் பகிர்ந்த அவருக்கு, தம் வீட்டுக்கு ஒருவர் மனமுவந்து ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்திருக்கக்கூடும் என்பதை நம்ப முடியவில்லை. ஒன்று, உழைத்த கூலி, இல்லையேல் திருட்டு. கொடை என்ற மூன்றாவது ஒன்று அவர் கணக்கில் இல்லை. பறவையின் எச்சம் மறைத்தது கண்ணைத்தான். இது வேறு வகைப் பார்வையின்மை.

இல்லறத்தில் நன்றி ஏன் வறள்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரத்தை நான் படித்ததில்லை. நன்றியின்மை என்றதும் நாம் தன்னலமிகளையும் ஊதாரிகளையும் நினைக்கிறோம். இந்நூல் காட்டுவதோ ஒரு நல்லவரை. குடும்பத்துக்காக உழைத்து, பின்பு முடங்கி, மனைவியின் சம்பாத்தியத்தில் உண்ண நேர்ந்த கணவர்களின் இல்லங்களுக்கு நோயில் பூசுதல் அருட்சாதனத்தோடு சென்றவர்களுக்கு இது புரியும். அந்த வீடுகளில் கஞ்சியைவிடக் கசப்பானது அதைக் கையேந்தி வாங்குவதுதான்.

நம் மறையுரைகள் அன்னாவை ஏன் இப்படிக் கண்டன? இதற்கு மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. புனித ஜெரோம் இந்நூலை இலத்தீனுக்குக் கொண்டுவர ஒரே நாள்தான் எடுத்துக்கொண்டதாகத் தம் முன்னுரையில் கூறுகிறார். அரமேயம் அறிந்த ஒருவர் எபிரேயத்தில் சொல்லச் சொல்ல, இவர் இலத்தீனில் எழுதுவித்தார். அவரது பாடத்தில் தோபித்துவின் துன்பத்தை யோபுவின் துன்பத்தோடு வெளிப்படையாக ஒப்பிடும் சில வரிகள் இடம்பெற்றுள்ளன. கிரேக்கத்தில் அவை இல்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. இலத்தீனில் அன்னா ஆட்டுக்குட்டியைத் தம் உழைப்பின் பயனாகப் பெற்றார் என்று மட்டுமே இருக்கிறது. கூலிக்கு மேல் கிடைத்த கொடை என்ற செய்தி அதில் இல்லை. பல நூற்றாண்டுகள் திருச்சபை படித்த பாடம் இதுதான். 19-ஆம் நூற்றாண்டில் சீனாய் மலைத் துறவுமடத்தில் கிடைத்த கிரேக்கக் கையெழுத்துப் படி, நூலின் நீண்ட வடிவத்தைத் தந்தது. 1952-இல் கும்ரானின் நான்காம் குகையில், நான்கு அரமேயச் சுவடிகளின் சிதறல்களும் ஓர் எபிரேயச் சுவடியின் சிதறல்களும் கிடைத்தன. அவை பெரும்பாலும் இந்த நீண்ட வடிவத்தையே ஒத்திருக்கின்றன. (மணமக்கள் மூன்று இரவுகள் மன்றாட்டில் கழித்ததாகச் சொல்வதும் இலத்தீன் பாடம் மட்டுமே, அதைப் பற்றியும் நம் முன்னோர் நிறையப் பிரசங்கித்திருக்கிறார்கள்.)

ஓவியர் ரெம்பிராண்ட் 1626-இல், இளைஞராய் இருந்தபோதே, இந்தக் காட்சியை வரைந்தார். படம் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கந்தல் உடுத்த தோபித்து கைகளை இறுகப் பிணைத்து மன்றாடுகிறார். அருகே ஆட்டுக்குட்டியை அணைத்தபடி அன்னா, விரிந்த விழிகளோடு. அந்த முகத்தில் சினம் இல்லை; திகைப்புதான் இருக்கிறது. மறையியல் படித்த எனக்குத் தெரியாதது ஓர் இளம் ஓவியனுக்குத் தெரிந்திருக்கிறது.

சண்டை முடிந்ததும் தோபித்து சாவை வேண்டி மன்றாடுகிறார். அதே நாளில் தொலைதூர எக்பத்தானாவில், ஏழு கணவர்களை முதலிரவிலேயே இழந்து பணிப்பெண்ணின் ஏச்சுக்கு ஆளான சாராவும் சாக நினைக்கிறார். தந்தைக்கு வரும் பழியை எண்ணித் தயங்கி, சாளரத்தின் அருகே கைகளை விரிக்கிறார். அவர் மன்றாட்டின் முதற்சொல் இறைவனுக்குப் போற்றி. கண்ணீர் பிறகுதான் வருகிறது. மகிழ்ச்சி வந்தபின் நன்றி சொல்வோம் என்று நாம் காத்திருக்கிறோம். இந்தப் பெண்ணோ மகிழ்வதற்கு ஒரு காரணமும் இல்லாத இடத்திலிருந்து போற்றுகிறாள்.

தோபித்து அன்னாவிடம் மன்னிப்புக் கேட்டாரா? அப்படியொரு வரி நூலில் இல்லை. ஆனால் சாவு நெருங்கியது என்று எண்ணி மகனை அழைத்து அறிவுரை கூறும்போது, தம் அடக்கத்தைக் குறிப்பிட்ட உடனே அவர் சொல்வது என்ன? உன் தாயை மதி. அவள் மனம் நோகச் செய்யாதே. நீ வயிற்றில் இருந்தபோது உனக்காக அவள் பட்ட இன்னல்களை நினை. அவளை என் பக்கத்தில் அடக்கம் செய். மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை மகனிடம் சொல்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. நம் ஊர்த் தந்தையரை எங்கேயோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல் இருக்கிறது.

இனி ஐந்தாம் அதிகாரம். மேதியா நாட்டில் கபேலிடம் ஒப்படைத்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கிவர மகனை அனுப்புகிறார்கள். வழித்துணையாக வருபவர் வானதூதர் இரபேல். அவர் யார் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. அன்னா அழுகிறார்: பணத்தோடு பணம் சேர்க்க வேண்டாம், ஆண்டவர் நமக்குத் தந்த வாழ்வே போதும் என்கிறார். முணுமுணுப்பவர் என்று நான் பழித்த பெண்தான் இந்த நூலில் முதன்முதலாகப் 'போதும்' என்கிறார். அறுவடைக் கூடத்தில் நின்று சொல்லவில்லை. தறிக் கூலியில் நடக்கும் வீட்டில் நின்று சொல்கிறார். இதற்கு முன் இந்த வரியை எத்தனை முறை படித்திருப்பேன்! தாயின் அழுகை என்று கடந்து சென்றேன்.

அதே அதிகாரத்தில் தோபித்து வழித்துணைக்குக் கூலி பேசுகிறார்: நாளுக்கு ஒரு திராக்மா, வழிச்செலவு தனி. அதோடு நிற்காமல், கூலிக்கு மேல் இன்னும் சேர்த்துத் தருவேன் என்கிறார். கூலிக்கு மேல்! அன்னா சொல்லி அவர் நம்பாத அதே பேச்சு அவர் வாயிலிருந்தே வருகிறது. இது தற்செயலா? பன்னிரண்டாம் அதிகாரம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

இடையில் எக்பத்தானாவின் இரவு. மணமக்களின் மன்றாட்டை நாம் அறிவோம். இருவரும் சேர்ந்து முதுமை எய்த வேண்டும் என்று கேட்கிறார்களே, அது ஒன்று போதும் அதன் அழகுக்கு. நான் தயங்கி நிற்பது வீட்டின் வெளியே. எட்டாவது மருமகனும் இறந்திருப்பான் என்று அஞ்சி, ஊரார் ஏளனத்துக்குப் பயந்து, மாமனார் இரகுவேல் இரவோடு இரவாகக் கல்லறை தோண்டுகிறார். பணிப்பெண் விளக்கேற்றிச் சென்று பார்த்து, இருவரும் உறங்குகிறார்கள் என்று வந்து சொல்கிறாள். இரகுவேல் கடவுளைப் போற்றுகிறார். நான் அஞ்சியபடி நடக்கவில்லையே என்கிறார். பின்பு விடியும்முன் குழியை மூடச் சொல்கிறார். மனைவி எதினாவை நிறைய அப்பம் சுடச் சொல்கிறார். பதினான்கு நாள் விருந்து! எந்தச் சிறுகதை ஆசிரியரும் பொறாமைப்படும் இடம் இது. திருமண விருந்துக்கு ஏவல் இடும் கையில் கல்லறை மண் ஒட்டியிருக்கிறது. கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் இந்த மண் ஒட்டுவதில்லை என்பது என் வருத்தம்.

வீட்டில் காத்திருந்த பெற்றோரின் சண்டை இன்னும் தீரவில்லை என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. மகன் வரத் தாமதமாகிறது. கவலைப்படாதே, பேசாமல் இரு என்கிறார் தோபித்து. நீர் பேசாதிரும், என்னை ஏமாற்ற வேண்டாம் என்கிறார் அன்னா. நாள்தோறும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவரே மகனை முதலில் காண்கிறார். மருந்து இட்டதும் தோபித்துவின் பார்வை திரும்புகிறது. அவர் வாயில் வரும் முதற்சொற்களுள் ஒன்று போற்றி.

பன்னிரண்டாம் அதிகாரம் கணக்குத் தீர்க்கும் காட்சியோடு தொடங்குகிறது. உன்னுடன் வந்தவருக்குக் கூலியைக் கொடுத்துவிடு, கூலிக்கு மேலும் சேர்த்துக் கொடு என்று மகனிடம் சொல்கிறார் தோபித்து. பாதியைக் கொடுத்தாலும் தகும் என்கிறான் மகன். அப்போதுதான் இரபேல் தம்மை வெளிப்படுத்துகிறார். நான் உங்களோடு இருந்தது என் தயவால் அன்று, கடவுளின் திருவுளத்தால்; அவரைப் போற்றுங்கள் என்கிறார். எந்தக் கூலியாலும், கூலிக்கு மேல் எதைச் சேர்த்தாலும் அடைக்க முடியாத ஒரு கொடை அந்த வீட்டில் அத்தனை நாள் நடமாடியிருக்கிறது. அன்று ஆட்டுக்குட்டியை நம்பாதவர், தறிக்காரிக்குக் குட்டி கொடுத்த அந்த முகம் தெரியாத மனிதர்களைப் போலவே இன்று தாமும் கூலிக்கு மேல் கொடுக்க நிற்கிறார். ஆசிரியர் ஆட்டுக்குட்டியை மறக்கவில்லை என்றே கருதுகிறேன். இலத்தீன் பாடத்தில் இந்த இழை முழுவதும் அறுந்துவிடுகிறது. 'கூலிக்கு மேல்' அங்கே எந்த இடத்திலும் இல்லை.

எனினும் நூலின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. பதின்மூன்றாம் அதிகாரம் முழுவதும் தோபித்து இறைவனைப் புகழ்ந்து பாடுகிறார். மருமகளை நகர வாயில்வரை சென்று வரவேற்று வாழ்த்துகிறார். பார்வையற்ற ஆண்டுகளில் நெய்து சோறு போட்ட அன்னாவுக்கு ஒரு வாழ்த்தும் எழுதப்படவில்லை. திருவள்ளுவர் 'இனியவை கூறல்' அதிகாரத்தை அடுத்து 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தை வைத்தார். இரண்டும் இல்லறவியலில் உள்ளவை. வீட்டுக்குள் நன்றி வாய்திறந்து சொல்லப்பட வேண்டியது என்று அந்த வைப்புமுறைக்கு நான் பொருள் கொள்கிறேன். திருத்தந்தை பிரான்சிசும் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், குடும்பத்துக்குத் தேவையான மூன்று சொற்களாக அனுமதி கேட்பதையும் நன்றி கூறுவதையும் மன்னிப்புக் கேட்பதையும் குறிப்பிட்டார். மூன்றில் ஒன்றுகூட அன்னாவின் காதில் விழுந்ததாக நூலில் இல்லை. இறைவனை நோக்கி இவ்வளவு நீளமாகப் பாடத் தெரிந்தவருக்கு அடுப்படிப் பக்கம் திரும்ப ஏன் தெரியவில்லை? புனித நூலைக் குறைகூறலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தன் மாந்தரின் குறையை மறைக்காமல் எழுதிய நூல் இது. அதைக் காண்பதும் வாசிப்பின் கடமையே.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மையாரைக் கண்டேன். குட்டியைச் சமைத்தார்களா என்று நூலில் இல்லை அம்மா என்றேன். ஆனால் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்தக் கணவர் மாறிவிட்டார் என்று கூலிக் கதையைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, போன தீபாவளிக்குக் கடை முதலாளி கூலியோடு ஒரு வேட்டியும் எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னார். வீட்டுக்காரர் அதை இன்னும் உடுத்தவில்லையாம். மடித்தபடியே பெட்டியில் இருக்கிறதாம்.

"பன்னிரண்டு அதிகாரம் ஆகுமா சாமி?" என்றார். பேருந்து வந்துவிட்டது, ஏறிக்கொண்டார்.